ஊர் நூலகத்தின் மருத்துவ அலமாரி

விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகங்களுக்கென்று முதல் சட்டம் பிறந்தது சென்னை மாகாணத்தில், 1948-ல். அதைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிக் கொடுத்த கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம். அவர் பிறந்த ஊர் திருப்பூர். 1903-ல் அவர் பிறந்தபோது அங்கே பனியன் கம்பெனி எதுவும் கிடையாது. பருத்தி வாங்கி விற்கிற சிற்றூர், அவ்வளவுதான். இன்று அந்த ஊரைச் சுற்றி அவினாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம், தாராபுரம், உடுமலை என்று விரிகிற வட்டாரம் நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கைத் தருகிறது. இந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கு நூலகம் எப்படி வந்தது, தமிழில் மருத்துவ அறிவு எப்படிப் புத்தகமானது என்ற இரண்டு வரலாறுகளையும் பின்தொடர்ந்து போனால், இரண்டிலும் இந்தத் திருப்பூர்க்காரரின் பெயர் வருகிறது.

சட்டத்துக்கு வித்திட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்த அவர், 1930-ல் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தையே எழுதி வைத்தார். 1933-ல் பஷீர் அகமது சயீத் அதைச் சென்னைச் சட்டமன்றத்தில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. 1946-ல் அவினாசிலிங்கம் கல்வி அமைச்சரான பிறகுதான் காரியம் நகர்ந்தது. சட்டத்தின் உயிர் நாடி அதன் வரி. சொத்துவரி, வீட்டுவரியில் ரூபாய்க்கு ஆறு பை நூலகத்துக்கு. ஒரு ரூபாய்க்கு 192 பை இருந்த காலம் அது. இன்றைய கணக்கில் நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். தொகை சிறியதுதான். ஆனால் அதற்கு முன் புரவலர்களின் தயவில் நடந்த ஒன்று, அந்த வரியால் மக்களின் உரிமையானது. ஓலை வீட்டுக்காரரும் கட்டினார், மச்சுவீட்டுக்காரரும் கட்டினார். நூலகத்தின் வாசல் இருவருக்கும் ஒன்றே.

சட்டத்துக்கு முந்தைய நிலையையும் சொல்ல வேண்டும். 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அப்போது நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுத்தறிவு இல்லை. கொங்கு நாட்டில் அதற்கும் முன்பே பிளேக் வந்து போயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது கோவையைப் பலமுறை தாக்கியது. மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் காடுகரைகளில் குடிசை போட்டுத் தங்கினார்கள். கோவையில் இன்றும் இருக்கிற பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தப் பயத்தின் சாட்சி. எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக நோய் பரவுகிறது என்ற செய்தி அறிவியலுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு பருத்திக்காட்டுக் கூலிக்கு அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு தாள் வேண்டும், அந்தத் தாள் இருக்க ஓர் இடம் வேண்டும், அதைப் படித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். மூன்றும் ஊரில் இல்லை. அந்த வெற்றிடத்தில் வதந்திதான் வேகமாக ஓடியது.

அந்த இடத்தை முதலில் நிரப்ப முயன்றவை அரசின் நூலகங்கள் இல்லை. ஈரோட்டிலிருந்து பெரியார் நடத்திய குடிஅரசு, 1930-களிலேயே கர்ப்பத்தடை பற்றி வெளிப்படையாக எழுதியது. ‘கர்ப்ப ஆட்சி’ என்ற நூலும் குடிஅரசுப் பதிப்பகத்திலிருந்து வந்தது. வரிசையாகப் பிள்ளை பெற்று உடல் தேய்ந்துபோன பெண்களின் உயிர்ப் பிரச்சினையை, வீட்டில் யாரும் வாய் திறக்காத ஒன்றை, அச்சில் கொண்டுவந்தது அந்த இயக்கம். பிறகு திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் தெருவுக்குத் தெரு வைத்த படிப்பகங்கள் இந்த வேலையைத் தொடர்ந்தன. ஒரு பெஞ்சு, நாலு செய்தித்தாள், ஒரு மர அலமாரி. மில் விட்டு வந்தவர் உட்கார்ந்து படிப்பார். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் உரக்கப் படிப்பார். கொங்கு வட்டாரத்துத் தொழிலாளிக்கு நூலகப் பழக்கம் பிடித்தது இந்தப் பெஞ்சுகளில்தான் என்று சொன்னால் மிகையாகாது. ஒரு குறையும் இருந்தது: அந்தப் பெஞ்சுகளில் பெண்கள் உட்காரவில்லை.

கட்டடமும் வரியும் போதாது, தமிழில் மருத்துவம் எழுதப்பட வேண்டும். அதற்கு முன்னோடி யாழ்ப்பாணத்து மானிப்பாய். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் கற்று, தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘பிரசவ வைத்தியம்’ போன்ற பாடநூல்களைத் தந்தார். நூறாண்டுக்குப் பிறகு அந்தப் பணியைப் பெரிய அளவில் எடுத்தவர் அவினாசிலிங்கம்தான். 1946-ல் அவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியப் பணியை மேற்கொண்டது. ஆசிரியர், ஈரோடு அருகே மஞ்சக்காட்டுவலசில் பிறந்த ம. ப. பெரியசாமித் தூரன். 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகள் வந்தன. உடலியலும் நோய்களும் அதில் தமிழில் விளக்கம் பெற்றன. ஒரு கொங்குநாட்டு அமைச்சரும் ஒரு கொங்குநாட்டுக் கவிஞரும் சேர்ந்து செய்த அந்தக் காரியத்தின் முழு அளவை நாம் இன்னும் உணரவில்லை என்றே தோன்றுகிறது. சட்டம் அலமாரியைக் கொடுத்தது. கலைக்களஞ்சியம் அதில் வைக்கத் தக்க புத்தகத்தைக் கொடுத்தது. 1957-ல் கோவையில் அவினாசிலிங்கம் தொடங்கிய மனையியல் கல்லூரி, சத்துணவு பற்றிய அறிவைப் பெண்களின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை நெடுங்காலம் வழிநடத்தியவர் சத்துணவு அறிஞர் ராஜம்மாள் தேவதாஸ்.

1948 என்ற ஆண்டைத் தொழிலாளர் வரலாறு வேறு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டம், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் என்கிற இ.எஸ்.ஐ. சட்டம், நூலகச் சட்டம் மூன்றும் ஒரே ஆண்டின் பிள்ளைகள். ஒன்று வேலைசெய்யும் இடத்தைப் பார்த்தது, ஒன்று நோய்வாய்ப்பட்ட உடம்பைப் பார்த்தது, ஒன்று அறிவைப் பார்த்தது. மூன்றும் கைகோத்து நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் இடையே ஒரு துண்டுப்பிரசுரம்கூடப் போய்வரவில்லை.

இந்தப் பிரிவு என்ன விலை வாங்கியது என்பதற்குப் பஞ்சு ஒரு சான்று. நூல் மில்களில் பஞ்சுத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் ஒன்று உண்டு. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு அடைக்கும். வாரம் போகப் போகச் சற்றுத் தணியும். அதனால் உலகின் மில் ஊர்களில் அதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே அழைத்தார்கள். தொழிற்சாலைகள் சட்டம் பட்டியலிட்ட தொழில்சார் நோய் அது, இழப்பீட்டுக்கும் உரியது. ஆனால் இருமுகிறவருக்கு அது தெரிந்தால்தானே மருத்துவரிடம் பஞ்சுவேலை செய்கிறேன் என்று சொல்வார்? சளி என்றும், ஆஸ்துமா என்றும், அதைவிடக் கொடுமையாக டி.பி. என்றும் நினைத்து மறைத்தவர்கள் ஏராளம். பெருந்துறையில் காசநோய்க்கென்றே ஒரு சானடோரியம் இருந்தது. அந்த வளாகத்தில்தான் பிற்பாடு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே போனாலே பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற அச்சம் கிராமங்களில் நிலவியது. காசநோய் பரம்பரை நோய் இல்லை, மருந்தை முழுக்காலமும் சாப்பிட்டால் குணமாகும் என்ற இரண்டு வரிகள் எத்தனை குடும்பங்களைக் காத்திருக்கும்.

திருப்பூரில் 1925 வாக்கில் தொடங்கிய பின்னல் தொழில், 1970-களின் இறுதியில் ஏற்றுமதியில் கால்வைத்து, 1980-களுக்குப் பிறகு பெருகியது. மதுரை, தேனி, திண்டுக்கல், திருநெல்வேலியிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். கட்டிங், ஓவர்லாக், சிங்கர், செக்கிங், அயர்னிங், சாயப்பட்டறை என்று வேலை பிரிந்தது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வரும் ஒன்றரை ஷிப்ட் வாழ்க்கை அவர்களுடையது. நொய்யலில் சாயக்கழிவு ஓடியது. அதன் பாதிப்பைப் பற்றித் திருப்பூரிலேயே வாழும் எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ என்ற நாவலை எழுதினார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும்வரை, அந்தத் தண்ணீர் உடம்பை என்ன செய்யும் என்ற கேள்விக்கு ஆற்றோரக் கிராமத்தவர் பதில் தேடி அலைந்தார்கள். அந்த ஊர்களின் நூலகங்களில் பொதுஅறிவுப் புத்தகங்கள் இருந்தன. குடிநீரில் உப்பின் அளவு எவ்வளவு இருக்கலாம் என்று சொல்லும் ஒரு தாள் இருந்திருந்தால் அது அவர்களுக்கு ஆயுதமாகியிருக்கும்.

எய்ட்ஸ் காலம் இன்னொரு பாடம். 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. 2003-ல் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவர்களெல்லாம் கேட்டன. தமிழகம் முழுவதும் அந்தக் கேள்வி பேசப்பட்டது, நோக்கம் நிறைவேறியது. ஆனால் சுவரில் கேள்வியைப் படித்த ஒரு பதினெட்டு வயது ஓவர்லாக் தொழிலாளி, தன் சந்தேகத்தை யாரிடம் கேட்பார்? மேஸ்திரியிடமா, அறைத்தோழனிடமா? பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸ் அவரை அழைத்துக்கொண்டிருந்தது. யாருக்கும் பெயர் சொல்லாமல், ஒரு மூலையில் உட்கார்ந்து, பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்துபோகிற சுதந்திரத்தை நூலகம் தருகிறது. மருத்துவமனை கொடுக்க முடியாத சுதந்திரம் அது.

1990-களின் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் அச்சின் இந்தப் பயனைப் புரிந்துகொண்டு செயல்பட்டது. 1991-ல் புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கு எதைப் படிக்கக் கொடுப்பது என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. சின்னச் சின்ன நூல்கள் பிறந்தன. வயிற்றுப்போக்கில் குழந்தை சாகாமல் காக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் போன்ற செய்திகளுக்கு அவைதான் சரியான இடம். 1971-ல் வங்கதேச அகதிகள் தங்கிய வனகாவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்து, 30 விழுக்காடாக இருந்த சாவை 4 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு. அளவு மாறி உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. வாய்வழி போகும்போது அரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். அச்சில் இருந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கும் அளவு மாறாது.

2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 12,618 ஊராட்சிகளையும் எட்டியது. ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்பது அதன் முக்கியமான அங்கம். 2009 பிப்ரவரியில் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்து திருப்பூர் தனி மாவட்டமானது. நூலகங்களுக்கும் தனி மாவட்ட நிர்வாகம் கிடைத்தது. இன்று மாநிலத்தில் பொது நூலகத் துறையின் கீழ் மட்டும் நாலரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. ஆனால் மறுமலர்ச்சித் திட்டத்து நூலகங்களில் பல, சில ஆண்டுகளிலேயே பூட்டிக் கிடந்தன. புத்தகம் வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைத்ததன் விளைவு இது. நூலகத்துக்கு உயிர் நூலகர். அவருக்கு நியாயமான சம்பளம் கொடுக்காமல் கட்டடத்துக்கு வெள்ளையடித்துப் பயனில்லை.

அதே ஆண்டுகளில் கைபேசி வந்தது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம்பெண், யூடியூப் காணொளிகளை நம்பி வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். குழந்தை பிழைத்தது. சில நாட்களில், வீட்டுப் பிரசவப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைதானார். இந்தச் சாவு எழுத்தறிவில்லாத வீட்டில் நடக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள், தேடத் தெரிந்தவர்கள். ஆனால் தேடியதில் எது உண்மை என்று எடுத்துச் சொல்ல அருகில் ஆள் இல்லாதவர்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு எத்தனை நிமிடங்களில் உயிரைக் குடிக்கும் என்பதை எந்தக் காணொளியும் அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு, 2019-ல், தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழக ஆடைத் தொழிலில் வேலைசெய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் வேலை நிற்காமலிருக்க, பெயர்ச்சீட்டில்லாத மாத்திரை கொடுக்கப்பட்டது என்று அவர்கள் சொன்னார்கள். என்ன மாத்திரை, பின்விளைவு என்ன, தினம் எத்தனை போடலாம், எதுவும் தெரியாது. மில் விடுதியில் தங்கி, வாரத்துக்கு ஒருமுறைகூட வெளியே போக முடியாத பெண்களும் உண்டு. அவர்களால் நூலகத்துக்கு வர முடியாது. நூலகம்தான் விடுதிக்குப் போக வேண்டும். மேலவாசல் மாட்டுவண்டி 1931-ல் செய்ததைத்தான் கேட்கிறோம்.

இதற்குத் தமிழகத்தில் வழி இல்லாமல் இல்லை. நூலகத்துக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோகும் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தைப் பொது நூலகத் துறை நடத்துகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. இரண்டு பைகளும் ஒரே தெருவுக்குள் நுழைகின்றன. மாத்திரைப் பையில் ஒரு சிறு நூலும், புத்தகப் பையில் ஒரு மருத்துவக் கையேடும் இடம்பெற்றால் போதும். இங்கிலாந்தில் 2013 முதல் ‘ரீடிங் வெல்’ என்ற திட்டம் இப்படித்தான் நடக்கிறது: மருத்துவ வல்லுநர்கள் தேர்ந்து பரிந்துரைத்த நூல்களை மக்கள் உள்ளூர்ப் பொது நூலகத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். திருப்பூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாவட்டத்து நூலகங்களுக்கு எந்த மருத்துவ நூல் வேண்டும், எது வேண்டாம் என்று பட்டியல் தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

எது வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நூலகத்தில் இருப்பதாலேயே ஒரு புத்தகம் நம்பத்தக்கதாகிவிடாது. சர்க்கரை நோயை நாற்பது நாளில் வேரோடு அறுப்பதாகச் சொல்லும் நூல்களும் அதே அலமாரியில், நல்ல நூல்களின் தோளோடு தோள் நிற்கின்றன. அப்படி விளம்பரம் செய்வதை 1954-ன் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. விளம்பரத்தில் குற்றமானது புத்தகத்தில் மட்டும் எப்படி அறிவாகும்? இன்சுலினை நிறுத்திவிட்ட ஒருவருக்கு அந்த நூல் செய்யும் தீங்கைத் திரும்பப் பெற முடியாது. பழைய பதிப்புகளைக் கழிப்பதும், பொய்யான நூல்களை ஒதுக்குவதும், பீகார், ஒடிசா, வங்கத்திலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியில் சில கையேடுகளாவது வைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் இல்லை. நேரமும் மாற வேண்டும். பொது நூலகங்கள் வழக்கமாக வெள்ளிக்கிழமை மூடி ஞாயிறு திறப்பது பனியன் தொழிலாளிக்கு உதவும் ஏற்பாடு. ஒன்றரை ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு இரவு ஒன்பதரை வரை ஒரு விளக்கு எரிந்தால் இன்னும் உதவும். நூலகம் எங்கே இருக்க வேண்டும், எந்த நேரம் திறந்திருக்க வேண்டும் என்று ரங்கநாதன் தம் நூலகவியல் விதிகளில் முதலாவதை விளக்கும்போதே 1931-ல் எழுதிவிட்டார்.

ரூபாய்க்கு ஆறு பையாக இருந்த நூலக வரி இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. ஊராட்சியிலோ நகராட்சியிலோ அடுத்த முறை வரி கட்டும்போது ரசீதைப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக இருக்கும். அது உங்கள் பணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், மருத்துவ அலமாரி எங்கே என்று கேளுங்கள். அதில் கடைசியாகப் புத்தகம் வாங்கியது எந்த ஆண்டு என்று பாருங்கள். வாசகர் வட்டம் இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் தொடங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரை மாதம் ஒருநாள் அங்கே வந்து பேச அழைக்கச் சொல்லி நூலகரிடம் மனுக் கொடுங்கள். உங்கள் தெருவில் இருக்கிற செக்கிங் பெண்களையும் கையோடு அழைத்துப் போங்கள்.